இரண்டு தட்டும் உடையணும்!

பெரிய மார்க்கெட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை. வஞ்சிரம் எடை போட்டு, வெட்டி, பையில் போட்டுவிட்டார் மீன்கார அக்கா. க்யூஆர் அட்டையை ஸ்கேன் பண்ணினேன். போனில் சக்கரம் சுற்றுகிறது, சுற்றுகிறது... சின்னப் பெட்டி வாயே திறக்கவில்லை.

“நெட்டு இல்லக்கா.”

“அப்ப நோட்டு குடு தம்பி.”

நோட்டு இல்லை. வெட்டிய மீனோடு அக்காவும், வெறும் பையோடு நானும் நின்றோம். பத்து நிமிஷம் கழித்துத்தான் சிக்னல் வந்தது.

பத்து நிமிஷத்துக்கே இந்தப் பாடு. அரசாங்கமே உத்தரவு போட்டு நிறுத்தினால்? ராஜஸ்தானில் நிறுத்தினார்கள். 2021 செப்டம்பரில் ஆசிரியர் தகுதித் தேர்வில் முறைகேட்டைத் தடுக்க, பல மாவட்டங்களில் மொபைல் இன்டர்நெட்டைத் துண்டித்தார்கள். தேர்வு எழுதாதவர்களின் வியாபாரமும் சேர்ந்து படுத்தது.

அதே மாநிலத்தில் 2023 இறுதியில் அமைச்சராகி, தகவல் தொழில்நுட்பத் துறைக்கு வந்தவர் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர். ஞாபகம் இருக்கிறதா? 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் வெள்ளி வென்ற ராணுவ அதிகாரி. சுதந்திர இந்தியாவுக்குத் தனிநபர் போட்டியில் கிடைத்த முதல் வெள்ளி அது. கர்னலாக ஓய்வு பெற்று, 2014-ல் எம்.பி. ஆனார்.

இன்டர்நெட்டின் பலம் அவருக்குத் தெரியாததல்ல. 2018 மே மாதம், மத்திய விளையாட்டு அமைச்சராக இருந்தபோது, அலுவலகத்திலேயே தண்டால் எடுத்து வீடியோ போட்டார். விராட் கோலி முதல் பலரும் பதில் வீடியோ போட, நாடே உடற்பயிற்சி பற்றிப் பேசியது. அதே ஆண்டு அவர் வசம் இருந்த தகவல் ஒலிபரப்புத் துறை, சமூக வலைதளங்களைக் கவனிக்க ஒரு மையம் அமைக்கப் பார்த்தது. இது மக்களை வேவு பார்ப்பதாகாதா என்று சுப்ரீம் கோர்ட்டில் கேள்வி எழ, ஆகஸ்டில் அந்தத் திட்டத்தை அரசு கைவிட்டது.

இன்டர்நெட்டை நிறுத்தும் உத்தரவில் கையெழுத்துப் போடுவது மாநில உள்துறைச் செயலாளர், ஐ.டி. அமைச்சர் அல்ல. ஆனாலும் அமைச்சரவையில் இன்டர்நெட்டுக்காகப் பேச வேண்டியவர் அவர்தானே? பேசுவதற்கு ஆதாரமும் இருக்கிறது. இன்டர்நெட் வழியாகச் செய்யும் தொழிலுக்கும் அரசியல் சட்டப் பாதுகாப்பு உண்டு, துண்டிக்கும் உத்தரவை வெளியிட வேண்டும் என்று 2020 ஜனவரியிலேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது.

ராத்தோர் பதக்கம் வென்ற போட்டியின் பெயர் டபுள் டிராப். ஒரே நேரத்தில் இரண்டு களிமண் தட்டுகள் பறக்கும். ஒன்றை மட்டும் உடைத்தால் பாதி மதிப்பெண்தான். தேர்வு நேர்மையாக நடக்க வேண்டும்; அன்றாடம் காய்ச்சியின் வியாபாரமும் நடக்க வேண்டும். ஒன்றுக்காக இன்னொன்றை விட்டுவிடக் கூடாது என்பது அவருக்கா தெரியாது?

அதுவரை, மார்க்கெட்டுக்குப் போகும்போது சட்டைப் பையில் ஓர் ஐந்நூறு ரூபாய் நோட்டு இருக்கட்டும். அக்கா சொன்ன யோசனைதான்!