பளபளப்புக்கு எத்தனை டன் பலம்?

"மாமா, பழைய கறுப்பு போல்ட்டையெல்லாம் கழட்டிக் கடாசிட்டேன். இப்ப எல்லாம் எஸ்.எஸ். இனிமே ஆயுசுக்கும் அசையாது."

சொன்னவன் என் அக்கா மகன். புவனகிரிப் பக்கம் டிராக்டர் வைத்து ஓட்டுகிறான். அவன் பெருமையாகக் காட்டிய இடம், டிரெய்லரை மாட்டுகிற கொக்கி. சேத்தியாத்தோப்பு ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும்போது இழுவை முழுவதும் வந்து நிற்கிற இடம் அதுதான். அங்கே நாலு எஸ்.எஸ்., அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், போல்ட்டுகள் கல்யாண வீட்டுச் சீர்ப் பாத்திரம் மாதிரி மின்னிக்கொண்டிருந்தன. பையன் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங்கில் முதல் வகுப்பு. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனசு வராது.

கடாசிய போல்ட்டுகளில் ஒன்றைப் பொறுக்கி, கிரீஸைத் துடைத்துப் பார்த்தேன். தலையில் 8.8 என்று பொறித்திருந்தது. புதுசின் தலையில் ஒரு எழுத்தும் இல்லை. சுத்த வழுக்கை.

கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் எந்தக் கடையில் ஏறிக் கேட்டாலும் இதே பாட்டுதான். "எஸ்.எஸ்.ஸே போடுங்க சார், அதைவிட ஸ்ட்ராங் ஏது?" கேட் கீலுக்கு எஸ்.எஸ்., மோட்டார் அடித்தட்டுக்கு எஸ்.எஸ்., படகு இன்ஜின் மவுண்ட்டுக்கு எஸ்.எஸ். விலை கூட, பார்வைக்கு லட்சணம், ஆகையால் பலசாலி. மாப்பிள்ளை பார்க்கிற முறையிலேயே போல்ட்டும் பார்க்கிறோம்.

அந்தக் கறுப்புத் தலையில் இருந்த 8.8 அலங்காரத்துக்குப் போட்டதல்ல. முதல் 8, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் வரை இழுத்தாலும் அறாது என்கிறது. அடுத்த 8, அதில் 80 சதவீதம், அதாவது 640 வரை இழுத்து விட்டால் பழைய நீளத்துக்கே திரும்பும் என்கிறது. அதைத் தாண்டினால் நீண்டது நீண்டதுதான். நம் நாட்டுத் தரவிதி ஐ.எஸ். 1367-இல் உள்ள கணக்கு இது. முறையான முத்திரை போட்ட எஸ்.எஸ். போல்ட்டில் பெரும்பாலும் ஏ2-70 என்று இருக்கும். அது 700-இல் அறும். ஆனால் 450-லேயே நீளத் தொடங்கிவிடும்.

12 மில்லிமீட்டர் போல்ட்டில் மரைப் பள்ளம் போக மிஞ்சுவது சுமார் 84 சதுர மில்லிமீட்டர். கறுப்பு 8.8 அதை வைத்துக்கொண்டு நீளாமல் தாங்குவது ஐந்தரை டன். ஏ2-70 தாங்குவது நாலு டன்னுக்கும் கொஞ்சம் குறைவு. ஏ2-50 என்று ஒரு ரகம் உண்டு. அது இரண்டு டன்னைக்கூடத் தொடாது. சல்லிசாகக் கிடைக்கிற 4.6 சாதா போல்ட்டே அதைவிடத் தேவலை. மருமகன் மாட்டியிருந்ததில் எந்த எண்ணும் இல்லை. அது எத்தனை டன் தாங்கும் என்பது செய்தவனுக்கும் தெரியாது, விற்றவனுக்கும் தெரியாது. அதை மாட்டிக்கொண்டுதான் ஐந்தரை டன்னைத் தூக்கிக் குப்பையில் போட்டிருக்கிறான்.

"துருப்பிடிக்காதே" என்பார்கள். சரி, பிடிக்காது. துருப்பிடிக்காமல் பளபளப்பாகவே நீண்டு, பளபளப்பாகவே அறுந்து விழும். எஸ்.எஸ்.ஸில் இருக்கிற 18 சதவீத குரோமியத்தின் வேலை, மேலே மெல்லிய ஆக்சைடு படலம் போர்த்தித் துருவைத் தடுப்பது. டன் கணக்கு வேறு வழியில் வருகிறது. கரி கலந்த எஃகைச் செக்கச் சிவக்கச் சூடாக்கி, சட்டென்று குளிரவைத்து, மறுபடி அளவாகச் சூடேற்றிப் பதம் பார்த்துத்தான் 8.8 பிறக்கிறது. அரிவாளுக்குத் தண்ணீர் காட்டுகிற எந்த ஊர்க் கொல்லரிடம் கேட்டாலும் பதம் என்றால் என்னவென்று சொல்வார். கடையில் கிடைக்கிற 304 ரக எஸ்.எஸ்.ஸை எத்தனை தடவை உலையில் போட்டாலும் அந்தப் பதம் ஏறாது. சென்னை பாடியில் சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ் 1966-இலிருந்து இருக்கிறது. வீட்டு வாசலில் இந்த வித்தையை வைத்துக்கொண்டு நாம் பளபளப்புக்குக் காசைக் கொடுக்கிறோம்.

காந்தப் பரீட்சை என்று ஒரு கூத்து வேறு உண்டு. காந்தத்தை வைத்து, "ஒட்டல பாருங்க, ஒரிஜினல்" என்பார்கள். அந்தக் கறுப்பு 8.8-இல் காந்தம் பாய்ந்து ஒட்டும். அப்படியானால் அது போலியா? நல்ல 304 போல்ட்டிலும் குளிர்நிலையில் அடித்துச் செய்ததால் காந்தம் லேசாக ஒட்டத்தான் செய்யும். பலத்தைப் பற்றிக் காந்தம் வாயே திறக்காது.

இறுக்குகிற கதை இன்னும் மோசம். எஸ்.எஸ். நட்டும் எஸ்.எஸ். போல்ட்டும் மரையோடு மரை கடித்துக்கொள்ளும். ஸ்பேனர் நகரவில்லை, இறுகிவிட்டது என்று கை நம்பும். உள்ளே பிடிப்பே வந்திருக்காது. இரண்டு இரும்பை ஒன்றாக நிறுத்துவது போல்ட்டின் இழுவிசை தருகிற அழுத்தம். அது போனால் ஒவ்வொரு பள்ளத்திலும் கொக்கி ஆடும், ஆடி ஆடி ஒருநாள் அறும். இதற்கு நம் பட்டறைகளின் வைத்தியம், ஸ்பேனரில் இரண்டடி பைப்பைச் சொருகி அதன்மேல் ஏறி நிற்பது. டார்க் ரெஞ்ச் என்றால் ஏதோ ராக்கெட் விடுகிறவர்களின் சாமான் என்கிற மாதிரி பார்க்கிறார்கள்.

நமது கடற்கரைக்காவது எஸ்.எஸ். ஏற்றதா என்றால், அதிலும் கதை இருக்கிறது. உப்புக்காற்றில் 304 புள்ளி புள்ளியாக அரிக்கும். மாலிப்டினம் சேர்த்த 316 அதைக் கொஞ்சம் தாங்கும், ஆனால் கேட்டு வாங்குகிறவர் யார்? சுவிட்சர்லாந்தில் ஊஸ்டர் என்ற ஊரில் 1985 மே மாதம் நீச்சல்குளத்தின் கான்கிரீட் உள்கூரை இடிந்து விழுந்து 12 பேர் செத்தார்கள். கூரையைத் தாங்கிய தொங்குகம்பிகள் ஸ்டெயின்லெஸ். குளத்துக் காற்றிலிருந்த குளோரைடு உள்ளுக்குள் விரிசல் விட வைத்திருந்தது. ஒரு பக்கம் வங்கக்கடல், ஒரு பக்கம் சிப்காட் ரசாயன ஆலைகள் என்று வாழ்கிற கடலூர்க்காரர்கள் இதைப் படித்துவிட்டுத் தூங்கட்டும்.

கண்ணால் பார்த்தாலே தெரியும் என்கிறவர்களுக்கும் ஒரு கதை வைத்திருக்கிறேன். 1990 ஜூன் 10, பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம். நடுவானில் முன்கண்ணாடி பிய்த்துக்கொண்டு போய், கேப்டனின் பாதி உடம்பு வெளியே தொங்கியது. ஊழியர்கள் காலைப் பிடித்துக்கொள்ள, துணை விமானி விமானத்தை இறக்கினார். கேப்டன் பிழைத்தது அவர் நேரம். அந்தக் கண்ணாடியில் புதிதாக மாட்டியிருந்த 90 போல்ட்டுகளில் 84 விட்டம் குறைந்தவை. பழைய போல்ட்டைக் கையில் வைத்துக் கண்ணாலேயே ஜோடி பார்த்து எடுத்திருந்தார் பராமரிப்பு மேலாளர். நம் கடைகளில் போல்ட்டைத் தராசில் கொட்டி, கிலோ கணக்கில், நூல் கணக்கில் அள்ளிக் கொடுக்கிறார்கள். "நாலு நூல் போல்ட்டு, நல்லதா குடுங்க" என்று கேட்கிறோம். நல்லது என்றால் அவர் அகராதியில் மின்னுவது.

இதெல்லாம் எவர்சில்வர் வந்த நாளிலிருந்து ஏறிய மயக்கம். பித்தளையைப் போட்டுவிட்டு எவர்சில்வர் வாங்கிய குடும்பம் முன்னேறிய குடும்பம். குடத்துக்கு அது சரி, குடம் டிரெய்லரை இழுப்பதில்லை. அதே மயக்கத்தைப் பட்டறைக்குக் கொண்டுவந்தவர்களை எதுவும் சொல்ல மாட்டேன். நாலு வருஷம் பணம் கட்டிப் படிக்கவைத்து, போல்ட்டில் வருகிற தகைவைப் பதினாறு மார்க்குக்கு எழுதவைத்து, ஒரு தடவைகூட அதன் தலையைத் திருப்பிப் பார்க்கச் சொல்லாத கல்லூரிகளைச் சொல்லாமல் விட மாட்டேன். ரெக்கார்டு நோட்டில் படம் அழகாகத்தான் இருக்கிறது. படத்திலும் 8.8 இல்லை.

அரவைப் பருவம் வந்தால் சேத்தியாத்தோப்பிலும் நெல்லிக்குப்பத்திலும் ஆலை வாசலில் கரும்பு வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். கரும்பில் சோகை எத்தனை, தூர் எத்தனை என்று துருவிப் பார்க்க ஆள் இருக்கிறது. அதே ஆள் குனிந்து டார்ச் அடித்து, கொக்கி போல்ட்டின் தலையில் எண் இருக்கிறதா என்று பார்க்க அரை நிமிஷம் போதும். பின்னால் சைக்கிளில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருகிற சாலை அது. ஆலை நிர்வாகங்கள் இந்தப் பருவத்திலேயே தொடங்கட்டும். எண் இல்லாத போல்ட்டோடு வருகிற வண்டியை, அது யாருடையதாக இருந்தாலும், எண் உள்ளதை மாட்டும்வரை சாலையில் ஓட விடாதீர்கள்.