உடற்பயிற்சியும் அடுப்பங்கரையும்: நேரம் யாருடையது?

வீடு, உணவு, உடற்பயிற்சிக்கூடம் ஆகிய மூன்றையும் எவ்வாறு சமன்செய்வது என்னும் வினா இன்று ஆய்வு மாணவர் விடுதிகளிலும் பணிபுரிவோர் இல்லங்களிலும் அடிக்கடி எழுகிறது. அதற்குக் கிடைக்கும் விடைகள் பெரும்பாலும் ஒரே வகையின: விடியுமுன் எழுக, அட்டவணை வகுத்துக்கொள்க, மனவுறுதியை வளர்த்துக்கொள்க. இவ்விடைகள் யாவும் நேரத்தைத் தனிமனிதரின் உடைமையாகக் கொள்கின்றன. உண்மையில், ஒரு குடும்பத்தில் நேரம் பொதுச்சொத்து. ஒருவர் அதிலிருந்து ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொண்டால், அந்த இடைவெளியை மற்றொருவர் நிரப்பவேண்டியுள்ளது.

சித்தூர் மாவட்டத்துப் பங்காருபாளையத்தை எடுத்துக்கொள்வோம். சித்தூரிலிருந்து பலமனேர் செல்லும் வழியில் அமைந்த இவ்வூர் மாந்தோப்புகளுக்கும் மாங்காய்ச் சந்தைக்கும் பெயர்பெற்றது. தெலுங்கும் தமிழும் அருகருகே புழங்கும் எல்லைப் பகுதி இது. தோட்டவேலையும் மாட்டுத்தொழுவமும் உள்ள ஒரு வீட்டில் காலை ஐந்து மணி முதல் ஏழு மணி வரையிலான பொழுதே மிக நெருக்கடியானது. சாணம் அள்ளுதல், பால் கறத்தல், தண்ணீர் பிடித்தல், சமைத்தல், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புதல் ஆகிய அனைத்தும் அப்போதுதான் நிகழ்கின்றன. உடற்பயிற்சிக்கு உகந்த நேரம் என்று பரிந்துரைக்கப்படுவதும் அதே இரண்டு மணி நேரமே. வீட்டின் இளைஞர் அந்நேரத்தில் பயிற்சிக்கூடத்துக்குச் செல்ல முடிகிறதென்றால், அவருடைய மனவுறுதி மட்டும் அதற்குக் காரணமன்று. அவர் செய்யாத வேலையை வேறொருவர் செய்துமுடிப்பதும் காரணம்.

இது ஓர் ஊரின் இயல்பு மட்டுமன்று. இந்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டுப்பணிகளில் ஈடுபடுவோருள் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடங்களையும் ஆண்கள் 88 நிமிடங்களையும் செலவிடுகின்றனர். அப்பணிகளில் சிறிதும் ஈடுபடாதோர் இச்சராசரியில் இடம்பெறவில்லை; அத்தகையோருள் ஆண்களே மிகுதி. ஊதியப் பணியில் ஆண்கள் கூடுதல் நேரம் செலவிடுகின்றனர் என்பதும் உண்மையே. ஆயினும் பயிற்சிக்குரிய நேரம் ஊதியப் பணியிலிருந்து கழிக்கப்படுவதில்லை. ஓய்வுப்பொழுதிலிருந்தே அது எடுக்கப்படுகிறது. எனவே ஓய்வுப்பொழுது எவருக்கு வாய்க்கிறது என்பதே கேள்வி.

இங்கு வழக்கமான மறுப்பொன்று எழும். நாள் முழுதும் குனிந்து நிமிர்ந்து உழைக்கும் பெண்ணுக்குத் தனியே உடற்பயிற்சி எதற்கு என்பார்கள். இம்மறுப்பில் பாதி உண்மை உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் வீட்டுவேலையையும் உடலியக்கமாகவே கணக்கில் கொள்கின்றன. ஆனால் அதே வழிகாட்டுதல்கள், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரையிலான மிதமான உடலியக்கத்துடன், குறைந்தது இரண்டு நாள்கள் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியையும் தனியே வலியுறுத்துகின்றன. துணி துவைப்பதும் பாத்திரம் துலக்குவதும் அந்த இரண்டாம் தேவையை முறையாக நிறைவேற்றுவதில்லை. டென்மார்க்கில் மேற்கொள்ளப்பட்ட ஆய்வுகளும் இங்கு கருதத்தக்கவை. ஓய்வுநேர உடலியக்கம் இதயநோய் இடர் குறைவதோடு தொடர்புற்றிருக்க, தொழில்சார்ந்த கடும் உழைப்பு அவ்வாறு தொடர்புறவில்லை என அவை காட்டின. 2024இல் வெளியான ஓர் உலகளாவிய ஆய்வின் மதிப்பீட்டின்படி, 2022இல் இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினரும் ஆண்களில் 42 விழுக்காட்டினரும் போதிய உடலியக்கம் இல்லாதோர்.

இவ்வேறுபாட்டை மொழியும் பதிவுசெய்துள்ளது. நாம் ‘வீட்டுவேலை’ என்கிறோம், ‘உடற்பயிற்சி’ என்கிறோம். பயிற்சி என்பது ‘பயில்’ என்னும் வினையடியாகப் பிறந்த சொல். பயில்பவருக்கு ஒரு நோக்கம் உண்டு, படிப்படியான முன்னேற்றம் உண்டு, இடையே ஓய்வும் உண்டு. எடை தூக்குபவர் ஒரு நாள் கால்களுக்கும் மறுநாள் தோள்களுக்கும் பயிற்சி தந்து, இடையில் தசைகளை ஆறவிடுகிறார். அன்றாடம் ஒரே இடுப்பில் குடம் சுமப்பவருக்கு அந்த ஏற்பாடு இல்லை. சுமையின் அளவையோ நாளையோ அவர் தேர்ந்தெடுப்பதில்லை.

அடுத்தது உணவு. பயிற்சி தொடங்கியவுடன் புரதப்பொடி வாங்கவேண்டும் என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்கள் அத்தகைய பொடிகளைத் தவிர்க்குமாறு அறிவுறுத்துகின்றன. வயதுவந்தோருக்கு உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாள்தோறும் 0.83 கிராம் புரதம் என்பது அந்நிறுவனத்தின் பரிந்துரை அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது ஏறத்தாழ 50 கிராம். தமிழில் களி, தெலுங்கில் சங்கட்டி, கன்னடத்தில் முத்தெ என மூன்று பெயர்களில் இவ்வெல்லைப்புறம் உண்ணும் உணவுக்கு ஆதாரமான கேழ்வரகு 150 கிராமில் சுமார் 10 கிராம் புரதம் உண்டு. 50 கிராம் கொள்ளில் 11, இரண்டு முட்டைகளில் 12, ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7, ஒரு பெரிய தம்ளர் பாலில் 8 கிராம் எனக் கூட்டினால், சோற்றைக் கணக்கில் சேர்க்காமலே தேவை பெரிதும் நிறைவுறுகிறது. கடுமையாக எடை தூக்குவோருக்கு மேலும் வேண்டும். அதையும் பருப்பாலும் முட்டையாலும் பாலாலும் கூட்டிக்கொள்ளலாம்.

இங்கும் கிராம்கணக்கு மட்டும் போதாது. ஒருவருக்கு மட்டும் எண்ணெயில்லாக் கோழிக்கறி, அவித்த முட்டை, உப்பில்லாக் காய்கறி எனத் தனிச் சமையல் தொடங்கினால், அடுப்பில் மேலும் ஒரு பாத்திரம் ஏறுகிறது. அதை ஏற்றுபவரும் இறக்குபவரும் துலக்குபவரும் பெரும்பாலும் பயிற்சி செய்பவர் அல்லர். பலருக்கும் பரிமாறிவிட்டு, எஞ்சியதைக் கடைசியில் உண்பவர் அவர். 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தச்சோகை இருப்பதாகக் கூறுகிறது. அதற்குக் காரணங்கள் பல. ஆனால் ஒரு வீட்டில் ஒருவரின் தசைக்காக முட்டைகள் எண்ணி வைக்கப்படும்போது, மற்றவர் தட்டில் என்ன இருக்கிறது என்பதையும் எண்ணத்தானே வேண்டும்?

ஆகவே சமநிலை என்பதை மூன்று நடைமுறைகளாக வகுக்கலாம். முதலாவது, பயிற்சிக்கூடத்துக்கு ஆறு நாள் என்னும் வீம்பைக் கைவிடுதல். வாரம் இரண்டு அல்லது மூன்று நாள் முறையான எடைப்பயிற்சியும் மற்ற நாள்களில் நடையும் பெரும்பாலோருக்குப் போதும். இரண்டாவது, எஞ்சிய நாள்களின் விடியற்காலை அடுப்பையும் தொழுவத்தையும் பயிற்சி செய்பவர் ஏற்று, அந்த ஒரு மணி நேரத்தை வீட்டிலுள்ள மற்றவருக்கு அளித்தல். அவர் தண்டால் எடுக்கலாம், பஸ்கி போடலாம், நடக்கலாம், உறங்கவும் செய்யலாம். அது அவர் விருப்பம். மூன்றாவது, தனிச் சமையலுக்கு மாறாக, வீட்டின் பொதுச் சமையலையே அனைவருக்குமாகச் செறிவூட்டுதல். கொள்ளும் முட்டையும் ஒருவருக்கு நல்லதென்றால், அனைவருக்கும் நல்லதே.

உடல்நலம் குறித்து ஆய்வு செய்வோருக்கும் இதில் ஒரு பணி உண்டு. வாரத்துக்கு எத்தனை நாள் உடற்பயிற்சி செய்கிறீர்கள் என்பது வினாப்படிவங்களில் தவறாது இடம்பெறும் கேள்வி. அதன் கீழ் இன்னொரு வரியைச் சேர்க்கலாம்: நீங்கள் பயிற்சி செய்யும் நேரத்தில் உங்கள் வீட்டில் சமைப்பவர் யார்? இவ்விரண்டு விடைகளையும் சேர்த்து வாசிக்கும்போதுதான் ஒருவரின் ஒழுங்கு எந்த அளவுக்கு அவருடையது என்பது தெரியவரும்.