உறைபனிப் படத்தோடு இதையும் பகிருங்கள்



ஜனவரி வந்தால் நுவரெலியாப் புல்லில் விழும் உறைபனிப் படம் நம்ம ஊர் வட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றிலும் சுற்றும். அழகுதான். ஆனால் கண்டி மலையில் ஆளைக் கொல்வது பனியல்ல, மழை. 2025 நவம்பரில் டித்வா புயலோடு அதைக் கண்டுவிட்டோம்.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு எளிது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 என்றால் ஆயத்தம், 150 என்றால் சரிவில் இருப்பவர்கள் வீட்டை விட்டு வெளியேற வேண்டும். தரம் எட்டுப் பிள்ளைகளுக்கு இது விளங்குகிறது. பெரியவர்கள்தான் "தவக்குல்" என்கிறோம். ஒட்டகத்தைக் கட்டின பிறகுதானே தவக்குல்?

அறிவித்தல் வந்த உடனே பள்ளிவாசலில் தமிழிலும் சிங்களத்திலும் வாசியுங்கள். ஜனாஸா அறிவித்தல் சொல்லும் அதே மைக்கில். ராத்திரி இரண்டு மணி என்றாலும் பரவாயில்லை.