நிலைமொழியும் வருமொழியும்

தமிழாசிரியன் ஒருவன் கணினி மென்பொருள் பற்றி எழுதத் துணிவதைப் பொறியியல் கற்ற பழைய மாணவர் பொறுத்தருள்க. இரண்டு ஒன்றோடொன்று புணருங்கால் நிகழ்வன யாவை என்பதே யான் வகுப்பில் நாள்தோறும் கற்பிக்கும் பாடம்.

காற்றோட்டம், எந்திர இயக்கம் முதலியவற்றைக் கணித்துக் காட்டும் உருவகப்படுத்தல் மென்பொருள்கள் சில, மூலநிரலோடு யாவர்க்கும் திறந்துவிடப்பட்டுள்ளன. 2004இல் அவ்வாறு வெளியான ஓப்பன்ஃபோம் அவற்றுள் ஒன்று. குழாயின் வாயிலிற் காற்று எங்ஙனம் நுழையும் என்பதற்குப் புதியதொரு விதியை எழுதுபவர், தாய் மென்பொருளைத் தொடவேண்டுவதில்லை. விதியைத் தனி நிரல் நூலகமாகத் தொகுத்து, கட்டுப்பாட்டுக் கோப்பில் அதன் பெயரைக் குறித்துவிட்டால், மென்பொருள் ஓடும்போதே அதனை அழைத்து இணைத்துக்கொள்ளும். இதுவே இயங்குநிலை இணைப்பு. வந்து இணைவதைச் செருகி என்பர். பிளகின் என்பதே வழக்கு. நிலைமொழி நிற்க, வருமொழி வந்து புணர்கின்றது.

மூலநிரல்தான் திறந்திருக்கின்றதே, வேண்டியவர் அதனையே திருத்திக்கொள்ளட்டும், செருகிக்கென வாயில் எதற்கு என்பாரும் உளர். அதனை யான் ஏற்கிலேன். திருத்திய படியை வைத்திருப்பவன், மூலம் புதுப்பிக்கப்படுந்தோறும் தன் திருத்தத்தை மீண்டும் பொருத்தவேண்டும். மாணவன் கல்லூரியை விட்டு நீங்கியதும் அதனைச் செய்வார் யார்? அவனது உழைப்பு அங்கேயே மாண்டுபோகும்.

வாயில் இருந்தால் மட்டும் போதாது. லினக்ஸிற்கு ஆக்கிய நூலகம் விண்டோஸில் ஏறாது. அன்றியும், சி++ மொழித் தொகுப்பிகள் செயற்கூறுகளின் பெயர்களைத் தத்தம் முறைப்படி திரித்து எழுதுகின்றன. திரிதல் விகாரம் என எம் மாணவர் நகைப்பர். ஒன்று திரித்த பெயரை மற்றொன்று அறியாமற் போதலும் உண்டு. சி மொழியிலோ பெயர் பெரும்பாலும் இயல்பாகவே நிற்கும். ஆதலின் வாயிலைச் சி மொழியில், சிறிதாக அமைத்தலே தக்கது.

2010இல் வெளிவந்த எஃப்.எம்.ஐ நியமம் இவ்வழியையே மேற்கொண்டது. அதன்படி ஆக்கப்படும் மாதிரி ஒரு சிப் பொதியாகும். அதனுள் விளக்கக் கோப்பு ஒன்று இருக்கும். விண்டோஸ், லினக்ஸ், மக் ஆகியவற்றுக்குரிய நூலகங்களை வெவ்வேறு கோப்புறைகளில் இடலாம். மூலநிரலையும் சேர்க்கலாம், கட்டாயமில்லை. அந்தக் 'கட்டாயமில்லை' என்பதே என் மனக்குறை. விண்டோஸ் நூலகத்தை மட்டும் இட்டு அனுப்பிய பொதியால் லினக்ஸ் வைத்திருக்கும் ஆய்வுகூடத்துக்கு என்ன பயன்? திறந்த மென்பொருளுக்கென்று பகிரப்படும் பொதிகளிலேனும் மூலநிரல் இருந்தே தீரவேண்டும்.

செருகியிற் பிழை நேரின் தாய் மென்பொருளும் உடன்வீழும் என்பது மெய்யே; இரண்டும் ஒரே நினைவகத்தில் வாழ்கின்றன. செருகியைத் தனிச் செயன்முறையாக ஓடவிட்டால் அவ்விடர் குறையும். வேகமும் சற்றுக் குறையும். மாணவர் ஆய்வுக்கு அது பெரிதன்று.