காலைத் தூக்காதே, தேய்த்து நட!

திண்டிவனம் என்றால் பலருக்கும் மேம்பாலமும் பஸ் நிறுத்தமும்தான் ஞாபகம் வரும். விழுப்புரம் என்றால் ரயில்வே ஜங்ஷன். ஆனால், திண்டிவனத்திலிருந்து கிழக்கே சுமார் 35 கி.மீ. போனால் மரக்காணம். அங்கே உப்பளம், முகத்துவாரம், அதைத் தாண்டி வங்கக்கடல். விழுப்புரம் மாவட்டத்துக்கும் கடல் உண்டு என்பதே பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கும்.

இது இன்று நேற்று வந்த மீன் வாசனை இல்லை. சங்க இலக்கியமான சிறுபாணாற்றுப்படையின் தலைவன் ஓய்மா நாட்டு நல்லியக்கோடன். அவனுடைய கிடங்கில் இன்றைய திண்டிவனத்தில் இருக்கிறது. அவன் நாட்டின் எயிற்பட்டினத்தை மரக்காணம் பகுதி என்றே அறிஞர்கள் சொல்கிறார்கள். அங்கே போகும் பாணர்களுக்குச் சுட்ட குழல் மீன் விருந்து கிடைக்கும் என்கிறது அந்த நூல்.

இப்போது லீவு நாளில் தூண்டிலோடு இந்தப் பக்கம் வரும் இளைஞர்கள் அதிகம். படகு வேண்டாம், செலவும் குறைவு. முழங்கால் அளவு தண்ணீரில் நின்று தூண்டில் வீசினால் மடவை, கிழங்கான், கெளுத்தி கிடைக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் கொடுவா. பார்க்கச் சுலபம்தான். ஆனால், முதன்முதலாக இறங்குகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு.

அக்கா மகனை முதல் தடவையாக மாமா அழைத்துப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பையன் தண்ணீருக்குள் வயலில் நடப்பதுபோல காலைத் தூக்கித் தூக்கி வைப்பான்.

''டேய், காலைத் தூக்காத. தேய்ச்சுத் தேய்ச்சு நட.''

''ஏன் மாமா?''

''கீழ திருக்கை படுத்திருக்கும். மிதிச்சா வாலால அடிச்சுடும். தேய்ச்சு நடந்தா அதுவே விலகிப் போயிடும்.''

முதல் பாடமே இதுதான். திருக்கை மணலுக்குள் புதைந்து கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. அதன் வால் முள்ளில் விஷம் உண்டு. குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை அரை மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்தால் வலி குறையும். பிறகு அவசியம் மருத்துவமனை போக வேண்டும். முள் ஆழமாகக் குத்தி நின்றுவிட்டால் தானாகப் பிடுங்கக் கூடாது. கெளுத்தியின் முள்ளும் லேசுப்பட்டதல்ல. தூண்டிலில் மாட்டியதை வெறுங்கையால் பிடிக்காமல், ஈரத்துணியால் பிடித்து முள்ளைக் கழற்றுவது நல்லது.

செருப்போடு இறங்கினால் சேறு பிடுங்கிக்கொள்ளும். வெறுங்காலோடு இறங்கினால் சிப்பி கிழித்துவிடும். பழைய கேன்வாஸ் ஷூ போதும். சர்க்கரை நோய் உள்ளவர்கள், காலில் ஆறாத புண் இருப்பவர்கள் கரையிலிருந்தே வீசட்டும். உவர்நீரில் உள்ள சில கிருமிகள் புண் வழியாக நுழைந்தால் ஒரே நாளில் கால் வீங்கி, உயிருக்கே ஆபத்தாகலாம்.

அடுத்தது நேரம். கடல் நீர் ஏறக்குறைய 6 மணி நேரம் ஏறும், 6 மணி நேரம் வற்றும். தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இழுப்பு அதிகம். தண்ணீர் ஏறும்போது இரை தேடி மீன் உள்ளே வரும். அதுதான் தூண்டிலுக்கு ஏற்ற நேரம். வற்ற ஆரம்பித்தால் கழிமுகத்துத் தண்ணீர் மொத்தமும் கடலை நோக்கி ஓடும். அப்போது முகத்துவாரத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்பது ஆபத்து. தவறி இழுக்கப்பட்டால் எதிர்த்து நீந்திக் களைத்துப்போகக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து இழுப்பிலிருந்து வெளியேற வேண்டும்.

போன வருஷம் நின்ற இடம்தானே என்ற தைரியமும் வேண்டாம். 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை கொட்டியது. அப்படி ஒரு வெள்ளம் வந்தால் மணல்திட்டு இடம் மாறும். முழங்கால் அளவு இருந்த இடம் கழுத்தளவு ஆகியிருக்கும். உள்ளூர் மீனவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குவதுதான் புத்திசாலித்தனம்.

கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. லீவு நாளில் வருகிறவருக்கு இது பொழுதுபோக்கு. அங்கே வசிப்பவர்களுக்கு இதுதான் சோறு. வட தமிழகக் கழிமுகங்களில் இருளர் குடும்பங்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நாள் முழுக்க நின்று, கையால் சேற்றைத் துழாவி இறால் பிடித்துப் பறியில் போடுகிறார்கள். அவர்கள் துழாவும் இடத்தில் தூண்டில் முள்ளை வீசுவதோ, அறுந்த தங்கூசி நரம்பை விட்டுவிட்டு வருவதோ அவர்கள் கையைக் கிழிக்கும். அறுந்த நரம்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு வர ஒரு நிமிடம் ஆகுமா?

முகத்துவாரத்துக்கு உள்ளே இருக்கும் கழுவெளி, 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 5,000 ஹெக்டேருக்கும் மேல். அதன் எல்லைக்குள் வனத்துறை அனுமதியின்றித் தூண்டிலோடு போகக் கூடாது. திறந்த கடற்கரையே புதியவர்களுக்குப் போதும்.

கடைசியாக, கொடுவா பற்றி ஒரு விஷயம். கொடுவாக்களில் பெரும்பாலானவை முதலில் ஆணாகப் பருவமடைந்து, பல வருடம் வளர்ந்த பிறகே பெண்ணாக மாறும். உள்ளங்கை அளவுக் குஞ்சையே பிடித்துப் போனால் முட்டையிடும் பெண் மீன் எங்கிருந்து வரும்? முதல் மீன் சின்னதாக இருந்தால், ஈரக்கையால் பிடித்து ஒரு போட்டோ எடுத்துவிட்டுத் தண்ணீரிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள். அன்றைக்குக் குழம்புக்கு மரக்காணம் மீன் கடை இருக்கவே இருக்கிறது!