ஜாயினுக்குப் பயந்து

புத்தகங்களுக்கு ஓர் அட்டவணை. அதில் 'பொருள்' என்று ஒரு நெடுவரிசை, அரே வகை. வரலாறு, சூழலியல், பயணம் என்று எத்தனை வேண்டுமானாலும் உள்ளே அடுக்கிக்கொள்ளலாம். தனி அட்டவணை வேண்டாம், ஜாயின் வேண்டாம், வேகமும் கூடும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் பக்கம் வந்த புதிதில் பலரையும் பிடித்துக்கொள்ளும் ஆசை இது. அனுபவசாலிகள்கூட இதைத் தேர்ந்த உத்தியாகப் பரிந்துரைக்கிறார்கள். ஜாயின் என்றாலே மெதுவாகத்தான் இருக்கும் என்ற பயத்தைத் தவிர இதற்கு வேறு ஆதாரம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஒரு கட்டத்துக்குள் பட்டியலைத் திணிக்காமல் அதைத் தனி அட்டவணையாகப் பிரித்து எழுதும் முறையை ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் 1970லேயே விளக்கிவிட்டார். அதை வேதமாக்க வேண்டியதில்லை. எஸ்கியூஎல் தரநிலையே 1999இல் அரேயை ஏற்றுக்கொண்டது. ஆனால், அரேக்குள் குறிப்பிட்ட உறுப்பைத் தேட வேண்டி வந்தால் வடிவமைப்பே பிசகியிருக்கலாம் என்று போஸ்ட்கிரெஸின் சொந்த ஆவணம் எச்சரிக்கிறது. வசதியைச் செய்துகொடுத்தவர்களே இப்படிச் சொல்லும்போது கொஞ்சம் நின்று கேட்கலாம்.

வேகம் என்ற வாதத்தையே எடுத்துக்கொள்வோம். வரலாற்றுப் புத்தகங்களைத் தேட, 'வரலாறு' = எனி(பொருள்) என்று எழுதுவார்கள். படிக்க அழகாக இருக்கும். பதிவுகள் பெருகித் தேடல் இழுக்கத் தொடங்கியதும் யாராவது ஜின் இண்டெக்ஸ் போடச் சொல்வார்கள். போட்ட பிறகு எக்ஸ்பிளெயின் கொடுத்துப் பாருங்கள்: முதல் பதிவிலிருந்து கடைசிப் பதிவுவரை அட்டவணை முழுவதும் முன்போலவே வாசிக்கப்படும். அரே நெடுவரிசைமேல் போட்ட ஜின் இண்டெக்ஸ் @>, <@, &&, = ஆகிய குறிகளுக்குத்தான் பதில் சொல்லும். எனி அந்தப் பட்டியலில் இல்லை. அதே கேள்வியைப் பொருள் @> அரே['வரலாறு'] என்று திருப்பி எழுதினால் இண்டெக்ஸ் வேலை செய்யும். இரண்டுக்கும் விடை ஒன்றுதான். பிழைச் செய்தியும் வராது, எச்சரிக்கையும் வராது. ஜாயினைத் தவிர்த்து வேகம் தேடியவர், வேகம் போன இடம் தெரியாமல் சர்வரின் நினைவகத்தைக் கூட்டிக்கொண்டிருப்பார்.

எதிர்மறைத் தேடல் இதைவிட மோசம். வரலாறு அல்லாத புத்தகங்கள் வேண்டுமென்று 'வரலாறு' <> எனி(பொருள்) என்று எழுதினால், வரலாறு தவிர வேறொரு பொருள் ஒன்றே ஒன்று இருந்தாலும் அந்தப் புத்தகம் வந்துவிடும். வரலாறும் பயணமும் சேர்ந்த நூல் கம்பீரமாகப் பட்டியலில் நிற்கும். அங்கே வேண்டியது எனி அல்ல, ஆல். இந்தப் பிழை சோதனைத் தரவில் பெரும்பாலும் சிக்காது. புத்தகத்துக்கு ஒரு பொருள் மட்டும் வைத்துத்தானே சோதிக்கிறோம்!

எழுதும் பக்கத்துக் கணக்கையும் பார்க்க வேண்டும். அரேயில் ஓர் உறுப்பைச் சேர்த்தாலும் போஸ்ட்கிரெஸ் அந்தப் பதிவுக்கே புதிய பிரதி எழுதுகிறது. செயலி அரேயை வாசித்து, தன் பக்கம் ஓர் உறுப்பைச் சேர்த்து, முழுதாகத் திருப்பி எழுதினால், ஒரே நேரத்தில் வந்த இருவரில் ஒருவர் சேர்த்தது காணாமல் போகலாம். அரே உறுப்புகளுக்கு ஃபாரின் கீ வைக்க வழியே இல்லை. பெயருக்குப் பதில் தனிப் பொருள் அட்டவணையின் எண்ணை அரேயில் வைத்து, அந்த அட்டவணையில் ஒன்றை நீக்கினால், அதன் எண் புத்தகங்களின் அரேக்குள் அநாதையாகக் கிடக்கும். புத்தக எண், பொருள் எண் என்று இரண்டே நெடுவரிசை கொண்ட இணைப்பு அட்டவணையில் இந்தத் தொல்லைகள் எழுவதே இல்லை. இரு எண்களும் சேர்ந்து முதன்மைச் சாவி, இரண்டுக்கும் ஃபாரின் கீ, எதிர்த்திசைக்கு இன்னோர் இண்டெக்ஸ், அவ்வளவுதான். ஜாயின் செய்வதுதான் இந்த எஞ்சினின் பிறவித் தொழில். அதற்கென்றே ஹாஷ், மெர்ஜ், நெஸ்டட் லூப் என்று மூன்று வழிகள் வைத்திருக்கிறது.

முழுதாக எழுதி முழுதாக மட்டுமே வாசிக்கும் பட்டியல் என்றால் அரேயில் வையுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒரு கருவியின் தொடர் அளவீடுகள் அப்படிப்பட்டவை. உள்ளே இருப்பதைத் தனித்தனியாகக் கேட்கத் தொடங்கும்போதுதான் வழக்கு மாறுகிறது.

வேடிக்கை என்னவென்றால், அரே உண்மையிலேயே கைகொடுக்கும் இடத்தில் அதை யாரும் தொடுவதில்லை. திரையில் பயனர் தேர்ந்தெடுத்த எண்களைக் கமா போட்டு ஒட்டி, இன் அடைப்புக்குள் சொருகி, சரமாகக் கட்டி, டேட்டாபேஸ் ஃபங்ஷனுக்குள் எக்ஸிக்யூட் செய்கிறார்கள். "டேட்டாபேஸ் ஃபங்ஷனுக்குள்தானே இருக்கிறது, இன்ஜெக்‌ஷன் எப்படி வரும்?" என்று கேட்கவும் செய்கிறார்கள். வரும். ஒட்டிய சரத்தை எங்கே இயக்கினாலும் அது கட்டளைதான். அந்த ஃபங்ஷன் செக்யூரிட்டி டிஃபைனராக எழுதப்பட்டிருந்தால், உள்ளே நுழைந்த கட்டளை அழைத்தவரின் உரிமையில் அல்ல, உரிமையாளரின் உரிமையில் ஓடும். இங்கே அந்த எண்களை ஓர் அரே அளவுருவாக அனுப்பி, எண் = எனி(அளவுரு) என்று எழுதினால் போதும். சரம் ஒட்டும் வேலையே இல்லை. இம்முறை நெடுவரிசை இடப்பக்கம் நிற்பதால் சாதாரண பி-ட்ரீ இண்டெக்ஸே பயன்படும்.

அட்டவணைப் பெயரோ நெடுவரிசைப் பெயரோ மாறிக்கொண்டே இருந்தால் எக்ஸிக்யூட் இல்லாமல் முடியாது என்பது சரியான வாதம். பெயர்களை அளவுருவாக அனுப்ப முடியாது. ஆனால் பெயர் மாறுகிறது என்பதற்காக மதிப்பையும் சேர்த்து ஒட்ட வேண்டியதில்லை. பெயர்களுக்கு ஃபார்மேட் ஃபங்ஷனின் ஐ குறியீடு, மதிப்புகளுக்கு யூஸிங். இரண்டும் ஒரே எக்ஸிக்யூட் வரியில் அடங்கிவிடும்.