கேஷும் நாத்தங்காலும்

"உருவாக்க நேரமாகுதா? கேஷ்ல போட்டுடு." பொட்டி தட்டற மக்கள் எல்லாரும் சொல்றது இதான். நான் ஒத்துக்க மாட்டேன். சூடு பட்டவன்.

மேட்டூர் நீர்மட்டம் காட்ட ஒரு வலைப்பக்கம் பண்ணியிருந்தேன். அப்ளிகேஷன் ஸ்டார்ட் ஆகும்போது ஒரே ஒரு தடவை ஆப்ஜெக்ட் உருவாக்கி ஸ்டேட்டிக் வேரியபிள்ல வச்சாச்சு. செம வேகம். 2024 ஜூலை கடைசில அணை மளமளன்னு ஏறுச்சு. 28-ந் தேதி திறந்தாங்க, 30-ந் தேதி 120 அடி நிரம்பிடுச்சு. என் பக்கத்துல மட்டும் பழைய மட்டம்! சர்வரை யாரும் ரீஸ்டார்ட் பண்ணலையே. சித்தப்பா போன்ல, "ஏன்டா தம்பி, இதைப் பார்த்துத்தானே சம்பாவுக்கு நாத்து விடாம உட்கார்ந்திருக்கேன்"னார்.

தஞ்சாவூர்க்காரனுக்கு இது தெரிஞ்சிருக்கணும். போர் இருக்கறவங்க ஆத்துல தண்ணி வர்றதுக்கு முன்னாடியே குறுவைக்கு நாத்து விட்டுடுவாங்க. நாள் மிச்சம். ஆனா 25 நாளுக்குள்ள பறிச்சு நட்டாகணும், முத்திப் போனா சரியா தூர் கட்டாது. விதைக்கும்போதே பறிக்கிற நாளையும் எண்ணிடுவாங்க. நாம எண்றதில்ல.

என் கணக்கு இதுதான். வட்டம், ஊராட்சிப் பட்டியல் எப்பவோதான் மாறும், ஸ்டார்ட்டப்லயே உருவாக்குங்க. நீர்மட்டம் மாதிரி சமாச்சாரத்தை முதல் ஆள் கேக்கும்போது உருவாக்கி, ஒரு மணி நேரத்துல காலாவதி ஆக்குங்க. லாகின் பண்ணவரோட ஆப்ஜெக்ட்டை ஸ்டேட்டிக்ல வைக்கவே வைக்காதீங்க, ஒருத்தர் விவரம் இன்னொருத்தருக்குப் போயிடும். காலாவதி சொல்லத் தெரியலையா? கேஷே வேணாம்.

இப்ப அந்தப் பக்கம் சில சமயம் கொஞ்சம் மெதுவாத்தான் வருது. சித்தப்பா திட்றதில்ல :-)